வெள்ளியில ஒரு வெள்ளிமலை!

‘‘எந்த ஊருப்பா நீ?’’

‘‘பாபநாசம்.’’

‘‘வாவ்! மலை, அருவி, டேம்... கமல் படத்துல வர்ற ஊருதானே?’’

காலேஜ்ல சேர்ந்த நாள்ல இருந்து ஹாஸ்டல்ல இதே டயலாக்தான். இல்லீங்க தாயே! அது திருநெல்வேலி பாபநாசம். நான் தஞ்சாவூர் பாபநாசம். கும்பகோணம் போற ரூட்ல, ரெண்டு பக்கமும் வயலா ஓடுமே... அந்த ஊர். எங்க ஊர்ல உயரம்னா 108 சிவாலயம் கோயில் கோபுரம், திருப்பாலைத்துறையில இருக்கிற நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம், அப்புறம் செல்போன் டவர். அவ்வளவுதான். மலையைப் பார்க்கணும்னா திருச்சிக்கு பஸ் ஏறணும். அங்கேயும் அது மலைக்‘கோட்டை’!

இப்படி மலையே இல்லாத ஊர்ல பிறந்த நான், போன வருஷம் பூரா ஒரு மலையைத் துரத்திக்கிட்டு இருந்தேன். அது நம்ம பூமியிலயே இல்லை. துரத்திப் போன பாதை கடைசியில கொண்டுவந்து விட்ட இடம்தான் ஆச்சர்யம்... எங்க அப்பாவோட வயல்!

அரியர் காட்டிய மலை

எல்லாத்துக்கும் காரணம் ஒரு அரியர். எலெக்ட்ரோமேக்னடிக் ஃபீல்ட்ஸ்! இ.சி.இ படிக்கிற ஜீவன்களுக்கு இந்தப் பேரைக் கேட்டாலே வயித்தைக் கலக்கும். மேக்ஸ்வெல்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர், மின்சாரமும் காந்தமும் கைகோத்து அலையாப் பாயும்னு 1865-ல எழுதிவெச்சுட்டுப் போயிட்டார். அதுக்கு நான் 2025-ல பரீட்சை எழுதணும். நியாயமா இது?

ஸ்டாஃப் ரூம்ல போய்ப் புலம்பினேன். மேடம் சிரிச்சுட்டே, ‘‘அவர் பேர்ல ஒரு மலையே இருக்கு. எங்கேன்னு கண்டுபிடிச்சுட்டு வா. அப்புறம் அந்த சப்ஜெக்ட் உன்னை விடாது’’ன்னாங்க.

தேடினேன். மேக்ஸ்வெல் மான்டெஸ். இருப்பிடம்: வெள்ளி கிரகம். கிரகத்தோட சராசரி தரைமட்டத்தில இருந்து சுமார் 11 கிலோமீட்டர் உயரம். எவரெஸ்ட்டே கடல்மட்டத்துல இருந்து 8.8 கிலோமீட்டர்தான். நம்ம ஊட்டி தொட்டபெட்டா 2,637 மீட்டர். நாலு தொட்டபெட்டாவை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினாலும் மேக்ஸ்வெல் கொஞ்சம் எட்டித்தான் பார்க்கும்!

இதுல ஒரு சுவாரஸ்யம். வெள்ளி கிட்டத்தட்ட ஒரு லேடீஸ் ஹாஸ்டல். அங்கே மலை, பள்ளம், சமவெளின்னு எல்லாத்துக்கும் பெண்கள் பேர், பெண் தெய்வங்கள் பேர்தான் வைக்கணும்னு சர்வதேச விதி. மேக்ஸ்வெல் மலையை ஒட்டி மேற்கே இருக்கிற பெரிய பீடபூமிக்குப் பேர் என்ன தெரியுமா? லக்ஷ்மி! 1886-ல அமெரிக்காவுல டாக்டர் பட்டம் வாங்கின நம்ம ஆனந்திபாய் ஜோஷி பேர்ல ஒரு பள்ளம் இருக்கு. பண்டித ரமாபாய்க்கும் ‘மேதாவி’ன்னு ஒண்ணு. இத்தனை பெண்களுக்கு நடுவுல ஒரே ஒரு ஆணுக்கு மட்டும் அட்மிஷன். அவர்தான் மேக்ஸ்வெல். அந்த மலையை நமக்குக் காட்டினதே அவர் எழுதின சமன்பாட்டுல பிறந்த அலைகள்தான். அப்புறம் சீட் கொடுக்காம இருக்க முடியுமா?

அங்கே எப்பவும் ஐப்பசி

விடிவெள்ளின்னு நாம சொல்றது இந்த வெள்ளியைத்தான். வானத்துல நிலாவுக்கு அடுத்தபடியா பளிச்னு தெரியறது இதுதான். ஏன் அவ்வளவு பளிச்? மேகம்! கிரகம் முழுக்க இடைவெளியே இல்லாம மூடியிருக்கு. சூரிய வெளிச்சத்துல பெரும்பங்கை அதுவே திருப்பி அனுப்பிடுது. நம்ம ஊர்ல ஐப்பசி, கார்த்திகையில ரெண்டு மாசம் மூடாக்கா இருந்தாலே துணி காய மாட்டேங்குது. அங்கே வருஷம் முழுக்க, யுகம் முழுக்க மூடாக்குதான். அதுவும் கந்தக அமில மேகம்.

சரி, உள்ளே இறங்கிப் பார்த்துடலாமா? தரையில சுமார் 465 டிகிரி வெப்பம். ஈயமே உருகிடும். காத்தோட அழுத்தம் நம்ம பூமியைப் போல 90 மடங்குக்கு மேல. 1982-ல ரஷ்யாக்காரங்க இறக்கின வெனெரா-13 கலம் 127 நிமிஷம் தாக்குப்பிடிச்சது. நம்ம ஒரு சினிமா நேரம்கூட இல்லை!

மேல இருந்து கேமராவால பார்க்க முடியாது. கீழே இறங்கினா வெந்துடும். அப்போ 11 கிலோமீட்டர் மலையை யார், எப்படி அளந்தாங்க?

கிணத்துல கல்லைப் போடு

சின்ன வயசுல கிணத்துல கல்லைப் போட்டு, ‘தொளக்’னு சத்தம் வர்ற வரைக்கும் எண்ணியிருக்கீங்களா? சத்தம் வர நேரமானா கிணறு ஆழம். ரேடாரும் இதே விளையாட்டுதான். ரேடியோ அலையை வீசி, எதிரொலி எப்போ திரும்புதுன்னு எண்ணணும். ஒளியோட வேகத்தால பெருக்கி, போயிட்டு வந்ததால ரெண்டால வகுத்தா தூரம் கிடைச்சிடும். வெள்ளி நமக்கு ரொம்பப் பக்கத்துல, அதாவது சுமார் நாலு கோடி கிலோமீட்டர்ல வர்றப்போ, எதிரொலி திரும்ப நாலரை நிமிஷம் ஆகும். ரேடியோ அலைக்கு மேகம் ஒரு பொருட்டே இல்லை. கொசுவலைக்குள்ள காத்து போற மாதிரி போயிட்டு வந்துடும்.

1961-ல கலிஃபோர்னியாவுல இருக்கிற கோல்ட்ஸ்டோன் ஆன்டெனா, வெள்ளிக்கு அலை அனுப்பி எதிரொலியைப் பிடிச்சது. அதே ரேடார் வழியாத்தான் வெள்ளி தலைகீழ் திசையில சுத்துதுன்னும், ஒரு சுத்துக்கு 243 நாள் ஆகுதுன்னும் தெரிய வந்தது. அப்புறம் போர்ட்டோ ரிக்கோவுல இருந்த அரெசிபோ. 305 மீட்டர் அகல ராட்சதக் கிண்ணம். 1967-ல அதுல பார்த்தப்போ, வெள்ளியோட வடக்குப் பக்கம் ஒரு இடம் மட்டும் பளிச்னு தெரிஞ்சது. அதுதான் நம்ம மேக்ஸ்வெல்! பளிச்னுதான் தெரிஞ்சதே தவிர, அது மலையா மடுவான்னு யாருக்கும் தெரியாது. 1978-ல பயனியர் வீனஸ் கலம் பக்கத்துல போய் உயரத்தை அளந்த பிறகுதான், ‘அடேங்கப்பா, மலை!’ன்னு புரிஞ்சுது. (அந்த அரெசிபோ 2020 டிசம்பர்ல இடிஞ்சு விழுந்துடுச்சு. வீடியோவைப் பார்த்தப்போ மனசுக்குக் கஷ்டமாதான் இருந்தது.)

மெகல்லன் சுட்ட நூடுல்ஸ்

நிஜமான ஹீரோ மெகல்லன். 1989 மே மாசம் அட்லான்டிஸ் விண்கலத்துல கிளம்பி, 1990 ஆகஸ்ட்ல வெள்ளியைச் சுத்த ஆரம்பிச்சது. அதோட பெரிய ஆன்டெனா வாயேஜர் திட்டத்துல மிச்சமானது. அகலம் 3.7 மீட்டர்தான். இத்தனூண்டு ஆன்டெனாவால ஊர், தெரு பிரிக்கிற மாதிரி படம் எடுக்க முடியாது. அதுக்கு நூத்துக்கணக்கான மீட்டர் நீள ஆன்டெனா வேணும்.

இங்கேதான் ட்ரிக். பத்துப் பேரை வரப்புல வரிசையா நிக்கவெச்சு ஒரு சத்தத்தைக் கேட்கச் சொல்றதுக்குப் பதிலா, ஒரே ஆளை நடக்க விடுங்க. பத்து இடத்துல நின்னு, கேட்டதை எல்லாம் நோட்டுல குறிச்சுக்கட்டும். வீட்டுக்கு வந்து பத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டா, பத்துப் பேர் நின்ன பலன் கிடைச்சிடும். மெகல்லன் பறந்துக்கிட்டே அலைகளை அனுப்பிக் குறிச்சுக்கிட்டது. சேர்த்துக் கணக்குப் போட்டது பூமியில இருந்த கம்ப்யூட்டர். தன் ஆன்டெனாவைத் தானே நீட்டிக்கிற இந்த வித்தைக்கு ‘சிந்தெடிக் அபெர்ச்சர் ரேடார்’னு பேர். செல்லமா ‘சார்’.

இன்னொரு விஷயமும் வேணும். தஞ்சாவூர் ரயில் ஹாரன் அடிச்சுக்கிட்டு நம்மளைத் தாண்டுறப்போ சத்தம் கீச்சுன்னு வந்து தொபுக்குனு கம்மியாகுமே... அந்த டாப்ளர்தான். கலத்துக்கு முன்னாடி இருக்கிற இடத்தோட எதிரொலி கொஞ்சம் கீச்சு. பின்னாடி இருக்கிறது கொஞ்சம் கனம். நேரத்தை வெச்சு எவ்வளவு தூரம்னும், கீச்சை வெச்சு முன்னாடியா பின்னாடியான்னும் பிரிச்சா, ஒவ்வொரு புள்ளியா படம் ரெடி! உயரத்தை அளக்கறதுக்குன்னு கீழ்நோக்கி தனியா ஒரு குட்டி ஆன்டெனாவும் இருந்தது.

ஒரு சுத்துக்கு ஒரு படம். சுமார் 20 கிலோமீட்டர் அகலம், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளம். விஞ்ஞானிகளே அதுக்கு ‘நூடுல்ஸ்’னுதான் பேர் வெச்சாங்க. இப்படி நூடுல்ஸ் நூடுல்ஸா ஒட்டியே வெள்ளியோட தரையில 98 சதவிகிதத்தைப் படம் பிடிச்சு முடிச்சு, 1994 அக்டோபர்ல அந்த மேகத்துக்குள்ளேயே விழுந்து எரிஞ்சுபோச்சு மெகல்லன்.

அதோட கதை முடிஞ்சதா? அதுதான் இல்லை! 1991-ல பிப்ரவரியிலயும் அக்டோபர்லயும் ‘மாத் மான்ஸ்’ங்கிற எரிமலையை மெகல்லன் ரெண்டு தடவை படம் எடுத்திருந்தது. ராபர்ட் ஹெரிக், ஸ்காட் ஹென்ஸ்லி ரெண்டு பேரும் அந்தப் பழைய படங்களைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பொறுமையாத் தேடினாங்க. எரிமலையோட ஒரு வாய், எட்டு மாசத்துல 2.2 சதுர கிலோமீட்டர்ல இருந்து கிட்டத்தட்ட 4 சதுர கிலோமீட்டரா மாறியிருந்தது. வெள்ளியில எரிமலை இன்னும் உயிரோட இருக்குன்னு 2023-ல அறிவிச்சாங்க. படம் எடுத்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. சாட்சி கையிலேயே இருந்தது. பார்க்கத்தான் ஆள் வரலை.

இதைப் படிச்சப்போதான் எனக்குப் பொறி தட்டிச்சு. நம்ம ஊர் மேலயும் ரேடார் பறக்குதே... எங்க வயல் படமும் எங்கேயாவது தூங்கிட்டு இருக்குமோ?

அப்பாவோட ஆறு மா

2022 நவம்பர். நான் ப்ளஸ் டூ. டெல்டாவுல விடாம அடைமழை. எங்களுக்கு ஆறு மா நிலம், அதாவது ரெண்டு ஏக்கர். எங்க பக்கம் கொஞ்சம் பள்ளம். நட்டு ஒரு மாசம்கூட ஆகாத பயிர் அஞ்சு நாள் தண்ணிக்குள்ள கிடந்தது. வடிஞ்சதும் பார்த்தா பாதி அழுகல். அப்பா பயிர்க் காப்பீடு கட்டியிருந்தார். ஆனா, அப்போ காப்பீட்டுல எங்க வயலைத் தனியாப் பார்க்கலை. ஊர்ல சில வயல்ல அறுத்து எடை போட்டு, அந்தச் சராசரியை வெச்சுத்தான் கணக்கு. மேட்டுப் பக்கம் நல்லா விளைஞ்சிருந்தது. சராசரி தேறிடுச்சு. அப்பாவுக்கு ஒண்ணும் வரலை. அந்த வருஷம் என் காலேஜ் ஃபீஸுக்கு அம்மாவோட வளையல் பேங்குக்குப் போச்சு.

போன செமஸ்டர் மினி ப்ராஜெக்ட்டுக்கு இதையே எடுத்துக்கிட்டோம் நானும் என் ரூம்மேட்டும். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தோட சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோள் படங்கள் இலவசம். 2014-ல இருந்து எல்லாமே இருக்கு. 2022 அக்டோபர்ல இருந்து 2023 பிப்ரவரி வரைக்கும் பாபநாசம் படங்களை டவுன்லோடு பண்ணினோம். ஹாஸ்டல் வைஃபை தயவுல ஒரு படத்துக்கு ஒரு ராத்திரி!

ரேடார் படத்தைப் படிக்கிறது எப்படி? மேக்ஸ்வெல் மலையேதான் வாத்தியார். கரடுமுரடான இடம் அலையை நாலா பக்கமும் சிதறடிக்கும், அதுல கொஞ்சம் நம்மகிட்ட திரும்பும், வெளிச்சமாத் தெரியும். வழவழன்னு இருந்தா கண்ணாடி மாதிரி வேற பக்கம் தள்ளிவிட்டுடும், கறுப்பாத் தெரியும். (மேக்ஸ்வெல் உச்சி கூடுதலா மினுக்குறதுக்கு அங்கே ஏதோ உலோகச் சேர்மம் பனி மாதிரி படிஞ்சிருக்கலாம்னு ஒரு கருத்தும் உண்டு.) சேடை ஓட்டித் தண்ணி கட்டின வயல் கறுப்பு. பயிர் எழும்ப எழும்ப, அலை தண்ணியில பட்டு, தண்டுல பட்டுத் திரும்பும். வயல் வெளுத்துக்கிட்டே வரும். அதனாலதான் நெல்லைக் கண்டுபிடிக்க ரேடார் ரொம்பத் தோதான கருவி. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து 2010-கள்லயே ரேடாரை வெச்சுத் தமிழ்நாட்டு நெல் வயல்களை மேப் போட ஆரம்பிச்சாச்சு.

எங்க கணக்குக்கு வருவோம். சென்டினல் படத்துல 10 மீட்டருக்கு ஒரு புள்ளி. அப்பாவோட ரெண்டு ஏக்கருக்கு சுமார் 80 புள்ளி. மெகல்லனா இருந்தா, அது பிரிச்சுக் காட்டுற அளவே சுமார் 100 மீட்டர். அதாவது ரெண்டரை ஏக்கர். எங்க நிலம் தனியாத் தெரிஞ்சே இருக்காது!

முதல்ல ஏமாற்றம்தான். அந்தச் செயற்கைக்கோள் அப்போ 12 நாளைக்கு ஒரு தடவைதான் வந்தது. தண்ணி நின்ன அஞ்சு நாளும் அது எங்க தலைக்கு மேல வரவே இல்லை. ‘போச்சுடா’ன்னு லேப்டாப்பை மூடப் போனோம். அப்போ ரூம்மேட், ‘‘ஏய், எல்லாத் தேதியையும் வரிசையா கிராஃப் போட்டுப் பார்ப்போம்டி’’ன்னா. போட்டோம். மேட்டுப் பக்கத்து வயலோட கோடு நவம்பர், டிசம்பர்னு ஜம்முனு ஏறுது. எங்க வயலோட கோடு நவம்பர்ல ஒரு குழி விழுந்து, தையிலகூட அந்த உயரத்தைத் தொடலை.

அந்தக் குழியையே கொஞ்ச நேரம் பார்த்துட்டு இருந்தேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி அப்பா வாயால சொன்னது, இப்போ கோடா நிக்குது.

மேடம்கிட்ட காட்டினா, ‘‘ரெண்டு வயலை வெச்சு முடிவு சொல்லாதே. நடவுத் தேதி வேற, ரகம் வேற இருந்தாலும் கோடு மாறும். புள்ளிகள்ல இரைச்சலும் ஜாஸ்தி’’ன்னாங்க. நியாயம்தான். ரேடார் படம் தீர்ப்பு இல்லை, ஒரு சாட்சி. ஆனா, கூப்பிட்டு விசாரிக்க வேண்டிய சாட்சி. நல்ல சேதி என்னன்னா, கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்துல 2023 காரீஃப் பருவத்துல இருந்து நெல், கோதுமை மகசூல் கணக்குல, தொலையுணர்வு வழி மதிப்பீட்டுக்குக் குறைஞ்சது 30 சதவிகித இடம் கொடுத்திருக்காங்க. ஆனா, அதுவும் ஊர்க் கணக்குதான். பள்ளத்து வயல் தனியாத் தெரியற வரைக்கும் எங்க அப்பா மாதிரி ஆளுங்களுக்கு அது பாதிக் கிணறுதான்.

நம்ம ஆளுங்க எங்கே இருக்காங்க?

கொள்ளிடத்தைத் தாண்டினா அரியலூர். அந்த ஊர்க்காரர் என்.வளர்மதி. நம்ம நாட்டுலயே உருவான முதல் ரேடார் செயற்கைக்கோள் ரிசாட்-1-க்குத் திட்ட இயக்குநர் அவர்தான். 2012 ஏப்ரல் 26-ல அது ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து கிளம்பிச்சு. தமிழக அரசோட அப்துல் கலாம் விருதை 2015-ல முதல்முதலா வாங்கினதும் அவரேதான். அடுத்து 2019-ல வனிதா திட்ட இயக்குநரா இருந்த சந்திரயான்-2-ல, நிலாவைப் பார்க்க ரெண்டு அலைவரிசை ரேடார் போச்சு. 2025 ஜூலை 30-ல நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செஞ்ச நிசார் கிளம்பியாச்சு. 12 மீட்டர் குடை மாதிரி விரியற ஆன்டெனா! 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதையில வந்து பூமியை அளக்கிறதுதான் அதோட வேலை.

அடுத்து? வெள்ளியேதான்! வெள்ளியைச் சுத்தப் போற இஸ்ரோ கலத்துக்கு 2024 செப்டம்பர்ல மத்திய அமைச்சரவை 1,236 கோடி ரூபாய் ஒதுக்கிச்சு. 2028 மார்ச்ல அனுப்பறதாத் திட்டம். அதுலயும் ரேடார் உண்டு. மேக்ஸ்வெல் மலையையும் லக்ஷ்மி பீடபூமியையும் நம்ம ரேடார் பார்க்கப் போற நாள் வரும்.

நீங்களும் உங்க ஊரைப் பார்க்கலாம்!

* கோப்பர்நிக்கஸ் தளத்துல இலவசமா ஒரு அக்கவுன்ட் தொடங்குங்க. சென்டினல்-1 படங்கள் அங்கே கிடைக்கும்.
* பிரிச்சுப் பார்க்க ‘ஸ்னாப்’ங்கிற மென்பொருள். அதுவும் இலவசம். லேப்டாப்ல குறைஞ்சது 8 ஜி.பி ராம் இருந்தா நல்லது.
* ஒரே ஒரு படத்தை வெச்சு எதுவும் சொல்லாதீங்க. ஒரு பருவம் முழுக்க எல்லாத் தேதியையும் எடுங்க.
* முக்கியமா, வயல்காரர்கிட்ட நட்ட தேதியைக் கேளுங்க. அது எந்தச் செயற்கைக்கோளுக்கும் தெரியாது!

விடிவெள்ளி நேரம்

போன புரட்டாசியில லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். விடிகாலை அஞ்சு மணிக்கு அப்பா மடை திறக்கக் கிளம்பினார். நானும் கூடவே போனேன். கிழக்கே வெள்ளி ஜொலிச்சுது.

‘‘அப்பா, அதோ அதுல ஒரு மலை இருக்குப்பா. எவரெஸ்ட்டைவிடப் பெருசு. மேகம் மூடியிருக்கும். நம்ம வயலைப் பார்த்தோமே, அதே மாதிரி ரேடார்லதான் அதையும் பார்த்தாங்க.’’

அப்பா மம்பட்டியைத் தோள்ல மாத்திக்கிட்டார். ‘‘அவ்வளவு மேகம்ங்கறே... மழை பெய்யுமாம்மா அங்க?’’

‘‘பெய்யும்ப்பா. அமில மழை. ஆனா, தரைக்கு வர்றதுக்குள்ள சூட்டுல ஆவியாயிடும்.’’

‘‘அப்போ எங்க போனாலும் மழையை நம்ப முடியாதுங்கற’’ன்னு சொல்லிட்டு வரப்புல இறங்கிட்டார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, ‘‘இந்த வருஷக் கோட்டையும் போட்டு வைம்மா’’ன்னார்.

போட்டுக்கிட்டு இருக்கேன். ஐப்பசியில இருந்து ஒரு தேதிகூட விடலை. அப்புறம் அந்த அரியர்? க்ளியர் பாஸ், க்ளியர்!